டிக்கெட் போடுவதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன்: விரும்பி நாடு திரும்புவோருக்கான முழுமையான வழிகாட்டி

திரும்பிப் போக நினைப்பவருக்கும் அவருக்கு ஆலோசனை சொல்பவருக்கும் நடுவில், மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு தருவாங்க?" அனுபவமுள்ள ஆலோசகர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, உடனே ஒரு கேள்வி கேட்பார்: "வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா?" அதுவரை நிமிர்ந்து பேசிக்கொண்டிருந்தவர் அப்போது தலையைக் குனிந்துகொள்வார். சொல்லியிருக்க மாட்டார். எப்படிச் சொல்வது என்றும் தெரிந்திருக்காது.

உதவித்தொகை, டிக்கெட், தொழில் திட்டம் எல்லாம் முக்கியம்தான், ஒவ்வொன்றையும் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஆனால் போனவர் அங்கே நிலைத்து நின்றாரா, ஆறு மாதத்தில் மறுபடி ஏஜென்டைத் தேடினாரா என்பது பெரும்பாலும் அந்த ஒரு பேச்சில்தான் முடிவாகியிருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். திரும்ப நினைப்பவர், அவருடைய குடும்பத்தார், உடன் இருந்து உதவும் நண்பர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதியது இது.

முடிவு உங்களுடையதுதானா?

சொந்த நாட்டுக்குத் திரும்புவது உரிமை. 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 13-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. இந்த உரிமையைப் பயன்படுத்த விரும்புகிறவருக்குப் பயணச் செலவும், போன பிறகு வாழ்க்கையை மறுபடி தொடங்க உதவியும் கொடுக்கும் திட்டங்களைச் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பான ஐ.ஓ.எம். 1979 முதல் நடத்திவருகிறது. இன்று பல நாடுகளின் அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் இதே வேலையைச் செய்கின்றன.

'விரும்பி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். விசாவோடு நல்ல வேலையில் இருப்பவர், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போகிறார் என்றால் அது முழு விருப்பம். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, "இந்தத் தேதிக்குள் கிளம்புங்கள்" என்று கடிதம் வந்தவருக்கு இருப்பது குறுகிய விருப்பம். போலீஸ் வந்து ஏற்றுவதற்கு முன் தானாகப் போவதா, இல்லையா என்பதே அவருக்குள்ள தேர்வு. இந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசும் ஆலோசகரிடம் எச்சரிக்கையாக இருங்கள். குறுகிய தேர்வாக இருந்தாலும் மூன்று விஷயங்கள் உங்களுக்குக் கிடைத்தாக வேண்டும்: உங்கள் முன் இருக்கும் எல்லா வழிகளும் என்னவென்று புரியும் மொழியில் விளக்கம், யோசிக்க நேரம், பொய் சொல்லியோ பயமுறுத்தியோ கையெழுத்து வாங்க மாட்டார்கள் என்ற உறுதி.

ஊரில் உயிருக்கு ஆபத்து இருக்கிறது, சித்திரவதை நடக்கலாம் என்ற பயம் இருந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் வக்கீல் அல்லது இலவசச் சட்ட உதவி மையம். ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தின் 33-ஆம் பிரிவிலும், 1984-ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவிலும் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு நாள் மீதி இருக்கிறதா, வேறு வகையில் தங்க வழி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த அடி. அகதியாக ஏற்கப்பட்டவர்கள் திரும்புவது தனி வழி, அதை ஐ.நா. அகதிகள் முகமையிடம் பேச வேண்டும்.

கையெழுத்தைப் பற்றி இன்னொன்று. பொதுவாக விமானம் ஏறும்வரை மனதை மாற்றிக்கொள்ளலாம், "நான் போகவில்லை" என்று சொல்லலாம். ஆனால் நடுவில் தஞ்சக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றிருந்தால், மனம் மாறினாலும் அந்தக் கேஸ் பழையபடி உயிர்பெறும் என்று உத்தரவாதம் இல்லை. திரும்பிப் போகும் விண்ணப்பம், தஞ்சக் கோரிக்கையைத் திரும்பப் பெறும் காகிதம் இரண்டிலும் ஒரே நாளில், ஒரே மேசையில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் பலர். எந்தக் காகிதம் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருப்பவர்களுக்குத் தேதி மிக முக்கியம். 2008-ஆம் ஆண்டின் திருப்பி அனுப்புதல் நெறிமுறைப்படி, தானாகக் கிளம்ப வழக்கமாக 7 முதல் 30 நாள் வரை அவகாசம் தருகிறார்கள். பிள்ளை பள்ளியில் படிக்கிறது, எவ்வளவு காலம் தங்கியிருக்கிறீர்கள், குடும்பத் தொடர்புகள் என்ன என்பதைக் காட்டி அவகாசத்தை நீட்டிக்கக் கேட்கலாம். சொன்ன தேதிக்குள் போகாவிட்டால் மறுநுழைவுத் தடை விழும். பொதுவாக அது 5 ஆண்டுக்கு மேல் போகாது என்றாலும், அந்த 5 ஆண்டும் பெரிய காலம். இந்த நெறிமுறைக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறை ஒன்றை ஐரோப்பிய ஆணையம் 2025 மார்ச்சில் முன்மொழிந்தது. ஆகவே உங்கள் கேஸுக்கு இன்றைக்கு எது பொருந்தும் என்பதை வக்கீலிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆலோசனைக்குப் போகும்போது

திரும்புதல் ஆலோசனை இலவசம். "நான் பேசி உதவித்தொகை வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது வந்தால் அவர் இடைத்தரகர். நேரடியாக அலுவலகத்துக்குப் போங்கள்.

உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நீங்கள் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள்? நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும்?" இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. அரசு அலுவலகத்திலேயே ஆலோசனை சொல்பவர்கள் உண்டு, சுதந்திரமான தொண்டு நிறுவனத்தவர்களும் உண்டு. இருவரிடமும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று தெரிந்து பேசுவது உங்கள் உரிமை.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவின் கடனையும் அம்மாவின் தூக்கமின்மையையும் வேற்று மொழியில் அந்நியருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவள் திரும்பி அப்பாவிடம் கேட்டாள்: "அப்போ என் ஸ்கூல்?" அந்த அறையில் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. அடுத்த சந்திப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் குழந்தையின் கேள்வியைத்தான் முதலில் எடுத்துப் பேசினோம்.

ஒரே சந்திப்பில் முடித்துவிட வேண்டாம். முதல் முறை கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போய் யோசியுங்கள், கேள்விகளை எழுதிக்கொண்டு மறுபடி வாருங்கள். ஊரில் உங்கள் பகுதியில் உதவி நிறுவனம் இருக்கிறதா, உங்கள் நோய்க்கு மருந்து கிடைக்குமா, பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்பதையெல்லாம் ஆலோசகர் விசாரித்துச் சொல்ல முடியும். விசாரிக்க அவருக்கும் நாள் வேண்டும்.

அந்த போன்

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

வெளிநாட்டுக்குப் போனவரில் கணிசமானோர் கடன் வாங்கித்தான் போயிருக்கிறார்கள். நகை, நிலம், வட்டிக்காரர், சொந்தக்காரர். அந்தக் கடனில் பாதி பணக் கடன், மீதி நம்பிக்கைக் கடன். தங்கை படிப்பு, வீட்டுக் கூரை, அப்பாவின் மருந்து என்று ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இவரும் போனில் "நல்லா இருக்கேன்" என்றே சொல்லிவந்திருக்கிறார். முகாமில் இருந்ததையோ வேலை இல்லாததையோ சொன்னதில்லை. இந்த நிலையில் ஒருநாள் திடீரென்று வாசலில் போய் நின்றால், அவர் சொல்லாமல் விட்ட எல்லா வருடங்களும் சேர்ந்து அந்த ஒரே நாளில் வெளியே வரும்.

அதனால் டிக்கெட் தேதி போடுவதற்கு முன் பேசுங்கள். எப்படி என்று கேட்பவர்களுக்கு, நான் பார்த்ததில் பலன் கொடுத்த முறை இது.

முதலில் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் நிதானமாகக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர் இருப்பார். அக்காவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், மனைவியாகவே இருக்கலாம். அவரிடம் உண்மையை முழுதாகச் சொல்லுங்கள்: கேஸ் என்ன ஆயிற்று, கையில் எவ்வளவு இருக்கிறது, உதவியாக என்ன கிடைக்கும், எதெல்லாம் கிடைக்காது. மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். முதல் போனிலேயே தீர்வு வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் போனில் அழுகையோ கோபமோ வரும். இரண்டாவது, மூன்றாவது போனில்தான் "சரி, எப்போ வர்றே?" என்ற பேச்சு வரும்.

அப்புறம் கடன். ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, எது அவசரம், எது பொறுக்கும். கடன் கொடுத்தவரில் முக்கியமானவரிடம் நீங்களோ குடும்பத்தாரோ கிளம்பும் முன்னரே பேசித் தவணை கேளுங்கள். இதைச் செய்யாமல் போனவர்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தொழில் தொடங்க வாங்கிக் கொடுத்த தையல் இயந்திரமோ கடைச் சாமானோ முதல் மாதத்திலேயே விற்கப்பட்டு, கடன்காரர் கைக்குப் போய்விடுகிறது. வந்திருப்பது தெரிந்ததும் கடன்காரர் வாசலுக்கு வந்துவிடுவார், கையில் விற்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான் இருக்கும். கடனும் தீராது, தொழிலும் போய்விடும்.

ஆலோசகரிடம் கடனை மறைக்காதீர்கள். உதவித்தொகையைக் கடனுக்குக் கட்ட விடமாட்டார்கள் என்பது பல திட்டங்களில் உண்மைதான். ஆனால் கடன் இருப்பது தெரிந்தால், முதல் சில மாதங்களுக்கு வாடகை, பள்ளிச் செலவு போன்றவற்றுக்கு உதவியைப் பிரித்துக் கேட்கலாம். அப்போது சம்பாதிப்பதில் கொஞ்சம் தவணைக்கு மிஞ்சும்.

குடும்பத்தார் இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். "ஏன் வந்தே?" என்ற கேள்வியை முதல் வாரத்தில் கேட்காதீர்கள். வருபவர் அந்தக் கேள்வியைத் தனக்குள் ஆயிரம் முறை கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். தூங்க விடுங்கள், பழைய நண்பர்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பேசுங்கள். கணக்கு பிறகு பார்க்கலாம்.

காகிதங்கள்

கிளம்பிய பிறகு வாங்க முடியாத காகிதங்கள் நிறைய. அந்த நாட்டில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் தூதரகத்தில் ஒருவழிப் பயணப் பத்திரம் வாங்கலாம். தஞ்சம் கேட்டு முடிவு வராமல் இருக்கும்போது தூதரகத்துக்குப் போவது கேஸையும், சில சமயம் உங்கள் பாதுகாப்பையும் பாதிக்கும். திரும்புவது என்று உறுதியாக முடிவு செய்த பிறகு, வக்கீலைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ் மிக அவசரம். ஊரில் குடியுரிமை, பள்ளிச் சேர்க்கை எல்லாமே அதிலிருந்துதான் தொடங்கும். அந்தச் சான்றிதழ் உங்கள் நாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால் 'அப்போஸ்டில்' முத்திரை வேண்டியிருக்கலாம். இது 1961-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் சான்றொப்பம். உங்கள் நாடு அந்த ஒப்பந்தத்தில் இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம். இரண்டில் எது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை, மருத்துவமனை அறிக்கைகள், திருமண அல்லது விவாகரத்துப் பத்திரம், ஓட்டுநர் உரிமம், வேலை செய்த இடத்திலிருந்து அனுபவச் சான்று. அனுபவச் சான்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹோட்டல் சமையலறையில் நான்கு வருடம் நின்றவருக்கு அந்த ஒரு பக்கக் கடிதம் ஊரில் வேலைக்கு வழி திறக்கும். முறைப்படி பதிவாகாத வேலையாக இருந்தாலும், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வாங்க வேண்டிய சம்பளப் பாக்கி, வீட்டு முன்பணம், ஓய்வூதியத்துக்குக் கட்டிய தொகை ஆகியவற்றையும் விசாரியுங்கள். பாக்கிச் சம்பளத்தைப் பொறுத்தவரை, விசா இல்லாமல் வேலை செய்திருந்தாலும் பல நாடுகளில் உழைத்த கூலி உழைத்தவருக்கே உரியது. தொழிற்சங்கமோ சட்ட உதவி மையமோ வழிகாட்டும். வங்கிக் கணக்கை மூடும் முன் இந்தப் பணங்கள் எந்தக் கணக்குக்கு வரும் என்று முடிவு செய்யுங்கள். எல்லாக் காகிதத்தையும் போனில் படம் பிடித்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

உதவி என்னவாக வரும்

பலர் எதிர்பார்ப்பது கையில் பணம். வருவது பெரும்பாலும் பொருளாகவும் சேவையாகவும். விமானநிலையத்தில் கொஞ்சம் ரொக்கம் கொடுக்கும் திட்டங்கள் உண்டு. மீதி, தொழிலுக்குச் சாமான், பயிற்சிக் கட்டணம், வாடகை, மருத்துவம் என்று ஊரில் இருக்கும் பங்காளி நிறுவனம் வழியாக வரும்.

உதாரணமாக, ஐரோப்பிய எல்லை முகமையான ஃப்ரான்டெக்ஸ் 2022 ஏப்ரலில் தொடங்கிய கூட்டு மறு ஒருங்கிணைப்புச் சேவையில், அதாவது திரும்பியவர் ஊரில் மறுபடி காலூன்ற உதவும் திட்டத்தில், இரண்டு கட்டம் வைத்தார்கள். இறங்கிய உடனே தேவைப்படும் தங்குமிடம், உள்ளூர்ப் பயணம் போன்றவற்றுக்கு 615 யூரோ மதிப்பிலான உதவி முதல் கட்டம். நீண்ட கால உதவி இரண்டாவது: விரும்பித் திரும்பும் முதன்மை விண்ணப்பதாரருக்கு 2,000 யூரோ வரை, உடன் வரும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 1,000 யூரோ வரை. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் திட்டங்களும் தொகைகளும் மாறுகின்றன. நண்பருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். உங்களுக்கு என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்: எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும், ஊரில் யாரைப் பார்க்க வேண்டும்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் மறு ஒருங்கிணைப்பை மூன்று பக்கமாகப் பார்க்கிறார்கள்: பிழைப்பு, சமூகச் சேவைகள், மனம். வருமானம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பிள்ளைக்குப் பள்ளி இடம், அடையாள அட்டை, மருத்துவம், அக்கம்பக்கத்தோடு உறவு, தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே திட்டம் போடுகிறார்கள். உங்கள் ஆலோசகர் தொழிலைப் பற்றி மட்டும் பேசினால் மற்ற இரண்டையும் நீங்களே கேளுங்கள்.

தொழில் திட்டம் எழுதும்போது முக்கால்வாசிப் பேர் எழுதுவது சிறு கடை அல்லது வாடகை வண்டி. கேட்க எளிது, எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் தைரியமும் வருகிறது. ஆனால் எல்லோரும் செய்வதால்தான் அதில் லாபம் குறைவு. எழுதும் முன் ஊரில் இருக்கும் ஒருவரை விட்டு மூன்று விஷயம் பார்த்து வரச் சொல்லுங்கள். அதே தெருவில் இதே தொழில் எத்தனை பேர் செய்கிறார்கள், ஒரு மாத வாடகையும் மின்கட்டணமும் எவ்வளவு, கடன் சொல்லி வாங்குகிறவர் எத்தனை பேர். கடைசிக் கேள்வியைக் கிண்டலாக எடுக்க வேண்டாம். சொந்தக்காரர்கள் கடன் சொல்லி வாங்கியே மூடிய கடைகள் உண்டு.

தொழில் எல்லோருக்கும் ஒத்துவராது. சம்பள வேலை தேடவும், தொழிற்பயிற்சிக்கும், இருக்கும் தொழிலில் பங்காளியாகச் சேரவும் பல திட்டங்கள் உதவுகின்றன. வியாபாரம் செய்து பழக்கமில்லாதவரை 'தொழில்முனைவர்' ஆக்கி அனுப்புவதைவிட, தெரிந்த வேலையில் ஒரு சான்றிதழோடு அனுப்புவது நல்லது என்பது என் கருத்து.

சாமான் வாங்கும் நடைமுறையையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாகக் கடைகளிலிருந்து விலைப்பட்டியல் கேட்பார்கள். நிறுவனமே கடைக்காரருக்குப் பணம் கட்டும், பொருள் உங்களுக்கு வரும். அனுமதி கிடைக்கும் முன் சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டுப் பில்லை நீட்டினால், பல இடங்களில் தர மாட்டார்கள். இந்த நடைமுறைக்கு வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதும் உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும்.

உடம்பும் மனதும்

தினமும் மருந்து எடுப்பவர் மருத்துவரிடம் மருந்தின் வேதிப்பெயரை எழுதி வாங்குங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கிடைக்கும்வரை சமாளிக்கப் போதுமான மருந்தைக் கேளுங்கள், அதைக் கைப்பையில் வையுங்கள். கர்ப்பிணிகளிடம் விமான நிறுவனங்கள் பொதுவாக 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவச் சான்று கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏற்றாது. தேதியை அதற்கு ஏற்பத் திட்டமிடுங்கள்.

மனதைப் பற்றிப் பேச நிறையப் பேர் தயங்குகிறார்கள். கிளம்ப முடிவெடுத்த பிறகு ஒருநாள் நிம்மதியாகவும் அடுத்த நாள் எல்லாம் வீண் என்றும் தோன்றுவது சகஜம். வாரக்கணக்கில் தூக்கம் வராமல் இருப்பது, யாரோடும் பேசப் பிடிக்காமல் போவது, வழியில் நடந்த கொடுமை கண் முன் வந்துகொண்டே இருப்பது, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருவது என்றால் அது வேறு. உடனே ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். பயணத்தைத் தள்ளிப்போட முடியும். ஊரில் யார் தொடர்ந்து பார்ப்பார்கள் என்று ஏற்பாடு செய்த பிறகு போகலாம்.

பிள்ளைகளுக்கு இது 'திரும்பிப் போவது' கிடையாது. அங்கே பிறந்த அல்லது சிறு வயதில் வந்த குழந்தைக்கு இது முதல் புலம்பெயர்வு. முடிவான பிறகு கடைசி நாளில் சொல்லாதீர்கள். படிப்பு ஆண்டு முடியும்வரை தேதியைத் தள்ளக் கேளுங்கள், ஊர் மொழியில் எழுதவும் படிக்கவும் இப்போதே தொடங்குங்கள், நண்பர்களிடம் விடைபெற நேரம் கொடுங்கள். பெற்றோர் இல்லாமல் இருக்கும் சிறுவர் விஷயத்தில், 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமை ஒப்பந்தம் சொல்வதுபோல் குழந்தையின் நலனே முதன்மை. குடும்பத்தைக் கண்டுபிடித்து, ஏற்கத் தயாரா என்று உறுதி செய்யாமல் அனுப்பக் கூடாது.

கடத்தி விற்கப்பட்டவர்கள், ஏஜென்டிடம் சிக்கியவர்கள் திரும்பினால், அதே ஏஜென்ட் ஊரில் இருக்கக்கூடும். சொந்த ஊருக்கே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. வேறு பகுதியில் தங்குமிடம் கேட்கலாம். ஆலோசகரிடம் பெயர் சொல்லாவிட்டாலும் "அங்கே எனக்குப் பாதுகாப்பில்லை" என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

பயண நாள்

விரும்பித் திரும்புகிறவர் சாதாரணப் பயணியாகப் போகிறார், காவலர் உடன் வரத் தேவையில்லை. விமானநிலையத்தில் உதவிக்கு யார் வருவார், இடையில் விமானம் மாறும் இடத்தில் ஆள் இருப்பாரா, எத்தனை கிலோ எடுத்துப் போகலாம் என்று முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அசல் காகிதங்களும் மருந்தும் உதவி நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் கைப்பையில் இருக்கட்டும். எண்ணைத் தாளிலும் எழுதுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்துபோகும்.

உறவினருக்குப் பரிசு வாங்கக் கடைசிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். வெறுங்கையோடு போக மனம் வராது என்பது எனக்குத் தெரியும். குழந்தைகளுக்கு ஏதாவது சின்னதாக வாங்குங்கள், போதும். பெரிய பெட்டியைப் பார்ப்பவர்கள் பெரிய பணம் இருக்கிறது என்று நினைப்பார்கள், அந்த எண்ணம் உங்களைத்தான் பிற்பாடு நெருக்கும்.

போன பிறகு

முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: ஊரில் இருக்கும் உதவி நிறுவனத்தைத் தொடர்புகொள்வது. இதற்குக் காலக்கெடு உண்டு, தவறினால் உதவியே போய்விடலாம். களைப்பு, வெட்கம், வரவேற்பு என்று நாள் ஓடிவிடும். இறங்கிய மறுநாளே ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பிவிடுங்கள், அனுப்பியதற்கு அத்தாட்சியும் இருக்கும்.

முதல் மாதத்தில் பெரிய முடிவுகள் வேண்டாம். நிலம் விற்பது, திருமணம் பேசுவது, தெரிந்தவர் தொழிலில் பணம் போடுவது எல்லாம் காத்திருக்கட்டும். அடையாள அட்டை புதுப்பிப்பு, பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பதிவு ஆகியவற்றை முடியுங்கள்.

கடினமான காலம் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் வரும். வந்தவரைப் பார்க்க வந்த கூட்டம் குறைந்திருக்கும், சாமான் இன்னும் வந்திருக்காது, வெளிநாட்டில் பழகிய நேரமும் ஒழுங்கும் இங்கே பொருந்தாது. "இங்கே எனக்கு யாரையும் தெரியவில்லை" என்று சொந்த ஊரில் இருந்தே போனில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். இப்படி வரும் என்று முன்னமே தெரிந்திருந்தால் பயம் குறையும். உங்களைப் போலத் திரும்பியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று உதவி நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்களோடு ஒரு மணி நேரம் பேசினால் மனம் லேசாகும், யாரிடம் போய் எந்தக் காகிதம் கேட்பது என்ற விவரமும் கிடைக்கும்.

நிறுவனத்திலிருந்து நிலைமை கேட்டு அவ்வப்போது அழைப்பார்கள். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே சொல்லுங்கள். திட்டத்தை மாற்றக் கேட்பதற்கு அதுதான் நேரம். தொழில் ஓடவில்லை, பயிற்சி வேண்டும் என்றால் மீதியுள்ள உதவியை அதற்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். சொன்னது வரவில்லை, யாராவது கமிஷன் கேட்டார்கள் என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். பங்காளி நிறுவனத்திடம் பதில் இல்லையென்றால் நீங்கள் கிளம்பிய நாட்டின் ஆலோசகருக்கே எழுதுங்கள். அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கிளம்பும் முன் வாங்கியிருந்தீர்கள் என்றால் இங்கே கைகொடுக்கும்.

மறுபடி போகத் தோன்றினால்

இதைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைக்கிறார்கள் சிலர். பேச வேண்டும். ஐ.ஓ.எம். 2017-இல் கொடுத்த விளக்கத்தில், ஒருவர் நிலையாகத் திரும்பி ஊன்றிவிட்டார் என்றால் அதற்கு அர்த்தம் அவர் மறுபடி எங்கும் போகமாட்டார் என்பது இல்லை. இனிமேல் போனாலும் வேறு வழியில்லாமல் போகாமல், தானே தேர்ந்து போகும் நிலையில் இருக்கிறார் என்பது.

அப்படித் தேர்ந்து போவதென்றால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். உங்கள் பெயரில் மறுநுழைவுத் தடை இருக்கிறதா, இருந்தால் எந்தத் தேதியோடு முடிகிறது. நீங்கள் வாங்கிய உதவியை, அதே நாட்டுக்கு மறுபடி போனால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா. சில நாடுகள் அப்படிக் கேட்கின்றன, கையெழுத்திட்ட காகிதத்தில் அது இருக்கும். மூன்றாவது, வேலைக்கு என்று சொல்பவர் முறையான உரிமம் பெற்றவரா. உங்கள் நாட்டின் தொழிலாளர் அல்லது வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டில் முதல் போனை எடுத்து நிதானமாகக் கேட்ட அந்த ஒருவரிடம், இதையும் முதலில் சொல்லுங்கள்.